புதன்கிழமை 11 மணி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டர்னராக (லேத் மெஷின் ஓட்டுபவராக) வேலை பார்க்கும், குடிநோய்ச் சிகிச்சை முடித்த ஒருவரைப் புதன்கிழமை காலை 11 மணிக்கு நான் தொலைபேசியில் அழைப்பது வழக்கம். அந்த நேரம் அவரே கேட்டு வாங்கியது. பட்டறைக்கு டீ வரும் நேரம் அது. டாஸ்மாக் கடை திறப்பதற்கு அப்போது இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். "பன்னெண்டு மணிக்கு முன்னாடி பேசிட்டீங்கன்னா அன்னிக்குப் பொழுது தாண்டிடும்மா" என்று அவர் முதல் வாரத்தில் சொன்னதைப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

நான் மருத்துவரும் அல்ல, பட்டம் பெற்ற ஆலோசகரும் அல்ல. தொலைபேசித் துறையில், வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, துறை பி.எஸ்.என்.எல். ஆன பிறகும் அங்கேயே இருந்து, 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியேறிய 78,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒருத்தி. வீட்டில் உட்கார்ந்து இரண்டு மாதம் ஆவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. எங்கள் பகுதியிலிருந்த குடிநோய் மீட்பு மையம் ஒன்று, சிகிச்சை முடித்துப் போனவர்களை மாதம் ஒருமுறை நேரில் வரவழைத்துப் பார்க்கும் வழக்கத்தைத் தொடர முடியாமல் தவித்தது. அங்கே ஆலோசகராக இருந்த என் தோழி, "உனக்குத்தான் போனில் பேசுவது கைவந்த கலையாயிற்றே, பத்துப் பேரை ஏற்றுக்கொள்" என்றாள். சென்னையில் மதுக்கடைகள் அந்த ஆண்டு ஆகஸ்ட் 18 வரை திறக்கவில்லை. கடை மூடியிருந்த காலத்தில் வேறு வழியில்லாமல் குடிக்காமல் இருந்தவர்கள் கடை திறந்ததும் என்ன ஆவார்கள் என்பதுதான் அப்போது எல்லோருக்கும் இருந்த கவலை. மையத்தில் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு படிவம் கொடுத்தார்கள். சந்தேகம் வந்தால் யாரை எழுப்ப வேண்டும் என்று ஓர் எண்ணும் கொடுத்தார்கள். பத்துப் பேர் பின்னர் முப்பது பேர் ஆனார்கள். இன்றுவரை அதைத்தான் செய்து வருகிறேன்.

குடியை நிறுத்துவது கடினமில்லை என்று குடிப்பவர்களே சொல்வார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. சபரிமலைக்கு மாலை போட்டால் 48 நாள் ஒரு சொட்டுத் தொடாமல் இருக்கும் மனிதர்களை நம் தெருவில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காலையில் குளிர்ந்த நீரில் குளித்து, தரையில் படுத்து, எல்லோராலும் "சாமி" என்று அழைக்கப்பட்டு, அத்தனை கட்டுப்பாட்டோடு இருந்தவர் மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடை வாசலில் நிற்பதையும் பார்த்திருக்கிறோம். மீட்பு மையத்தில் கழியும் ஒரு மாதமும் ஏறக்குறைய அப்படிப்பட்டதே. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை, சுற்றிலும் அதே வழியில் நடக்கும் கூட்டாளிகள், கையில் காசு இல்லை, வெளியே கதவு பூட்டு. கஷ்டமெல்லாம் அந்தக் கதவைத் தாண்டி, ஆட்டோவில் ஏறி, பழைய தெருமுனையில் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. ஆனால் குடும்பத்தார் அதை அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவது போல எடுத்துக்கொள்கிறார்கள். பணம் கட்டியாயிற்று, சரியாகிவிட்டது, இனிமேல் குடித்தால் அது திமிர் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு தவறு என்பதை மருத்துவ உலகம் எப்போதோ எழுதி வைத்துவிட்டது. 2000-ஆம் ஆண்டில் மெக்லெல்லன் என்ற ஆய்வாளரும் மற்ற மூவரும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரை, போதை நோயைச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா ஆகியவற்றின் வரிசையில் வைத்தது. சிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்குள் மீண்டும் போதைக்குத் திரும்புவோர் 40 முதல் 60 சதவீதம் என்றால், மருந்தையும் பத்தியத்தையும் கைவிட்டு மறுபடி சிரமப்படும் இரத்தக் கொதிப்புக்காரர்கள் 50 முதல் 70 சதவீதம் என்று அதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தார்கள். சர்க்கரை ஏறிவிட்டது என்று வந்து நிற்கும் மாமியாரை நாம் யாரும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி திட்டுவதில்லை. அடுத்த மாதம் பரிசோதனைக்கு வாருங்கள் என்றுதான் சொல்கிறோம். அதே பொறுமையைக் குடிநோயாளியிடம் காட்டச் சொன்னால் மட்டும் நமக்கு ரோஷம் வந்துவிடுகிறது.

உதவி எண்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கின்றன. போதை மீட்புக்கென்று மத்திய அரசின் 14446 இருக்கிறது. மனநலத்துக்கென்று 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் 14416 இருக்கிறது. இரண்டும் அவசியமானவை, யார் கேட்டாலும் நான் கொடுக்கும் எண்கள். ஆனால் அவற்றை நாம்தான் அழைக்க வேண்டும். குடிக்கலாமா என்று மனம் ஊசலாடும் வேளையில் ஒரு மனிதனுக்கு யாரையும் அழைக்கத் தோன்றாது என்பதுதான் இந்த நோயின் குணம். குடித்துவிட்ட பிறகோ, வெட்கத்தில் அழைக்க மாட்டான். எங்கள் வேலை அதற்கு எதிர்த்திசையில் நடக்கிறது. அவர் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறித்த நாளில் குறித்த மணிக்கு எங்களிடமிருந்து மணி அடிக்கும்.

இதை ஒரு முறையாகவே வகுத்து ஆராய்ந்தவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மெக்கே. மதுவிலோ கொக்கெயினிலோ அல்லது இரண்டிலுமோ சிக்கிய 359 பேரை வைத்து அவரும் குழுவினரும் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. முதற்கட்ட சிகிச்சையை முடித்தவர்களில் ஒரு பிரிவினருக்கு 12 வாரம் முக்கியமாகத் தொலைபேசி வழியாகவே தொடர் கவனிப்பு. இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, வழக்கமான குழு அமர்வுகளுக்கு வந்து போனவர்களைவிட அவர்கள் போதையில்லாமல் இருந்தது அதிகம். அதே ஆய்வில் எனக்குப் பிடித்த நேர்மையான பகுதி ஒன்று உண்டு: முதற்கட்ட சிகிச்சையிலேயே முன்னேற்றம் குறைவாக இருந்தவர்களுக்குத் தொலைபேசி போதவில்லை, நேரில் கூடும் குழுவே நல்லது என்பது. பிறகு, மது அடிமைகள் 252 பேரிடம் அழைப்புகளை 18 மாதம் வரை நீட்டித்துப் பார்த்தார்கள். முதல் எட்டு வாரம் வாரம் ஒருமுறை, அதன் பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி ஆறு மாதம் மாதம் ஒருமுறை. அழைப்பு இருந்தவரை பலன் இருந்தது. அழைப்புகளை நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் கரைந்து போயிருந்தது. இதைச் சிலர் தோல்வியாகப் படிக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஏறுவதை மாத்திரையின் தோல்வி என்று எந்த மருத்துவரும் எழுதுவதில்லை.

எழுதப்பட்ட முறை இப்படி என்றால், வியாசர்பாடியிலும் கண்ணகி நகரிலும் இருப்பவருக்கு ஒரு போனைப் போட்டுப் பேசுவது வேறு ஒரு கலை. குடித்திருந்த காலத்தில் தினவட்டி, வாரவட்டி, செயலிக் கடன் என்று எல்லாவற்றிலும் கை நீட்டியவர்கள் இவர்கள்; பெயர் தெரியாத எண் என்றால் வசூல்காரன் என்று நினைத்து எடுக்கவே மாட்டார்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து பேரை அழைக்கும் என் எண்ணை அழைப்பாளர் பெயர் காட்டும் செயலியில் யாரோ "மோசடி" என்று குறித்துவிட்டார்கள். சிவப்பு நிறத்தில் அந்த எச்சரிக்கையோடு மணி அடித்தால் மீட்சி பெற்ற மனிதன் என்ன, மகான்கூட எடுக்க மாட்டார். அதனால் மையத்தை விட்டுக் கிளம்பும் அன்றே, வாசலில் நிற்க வைத்து, அவர் கையாலேயே என் எண்ணைப் பதிவு செய்ய வைக்கிறோம். மாதக் கடைசியில் ரீசார்ஜ் தீர்ந்து உள்வரும் அழைப்பும் நின்றுவிடும். சிலருக்குப் போன் மனைவியுடையது. அவர் வீட்டு வேலைக்குப் போகும்போது போனும் கூடவே போய்விடும். போன் திடீரென்று பழைய பட்டன் போனாக மாறினால், நல்ல போன் அடகுக் கடையில் இருக்கிறது என்று அர்த்தம், அடுத்த கேள்வியைக் கவனமாகக் கேட்க வேண்டும் என்று அர்த்தம்.

தனிமையும் ஒரு பிரச்சினை. பத்துக்குப் பத்து அறையில் மாமியார், பிள்ளைகள், டி.வி. எல்லாம் இருக்கும்போது, "நேத்து சரக்கு ஞாபகம் வந்துச்சா" என்ற கேள்விக்கு எந்த ஆண்பிள்ளை வாயைத் திறந்து பதில் சொல்வார்? ஆகவே முதலில் "எங்கே இருக்கீங்க, மாடிக்குப் போக முடியுமா?" என்றுதான் கேட்பேன். அவர் படியேறும் செருப்புச் சத்தம் நிற்கும்வரை காத்திருப்பேன். மொட்டை மாடிக்குப் போனதும் குரலே மாறிவிடும்.

படிவத்தில் உள்ள கேள்விகள் எளியவை. போன வாரம் குடித்தீர்களா, ஆசை வந்ததா, வந்தபோது என்ன செய்தீர்கள், தூக்கம் எப்படி, மாத்திரை போடுகிறீர்களா, ஏ.ஏ. (குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங்குக்குப் போனீர்களா, வரும் வாரம் எங்கேனும் விசேஷம் இருக்கிறதா. எல்லாவற்றிலும் நான் அதிகம் நம்புவது கடைசிக் கேள்வியை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதக் கூழ் ஊற்றுதல், சம்பள நாள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாவு வீடு. வடசென்னையில் சாவு வீட்டுக்குப் போய்ப் பந்தலில் உட்கார்ந்து குடிக்காமல் திரும்புவது என்பது சொந்தக்காரர்களை அவமதிப்பதற்குச் சமம். "பாடி எடுக்குற நேரத்துக்குப் போங்க, தண்ணி ஊத்திட்டு நேரா வீட்டுக்கு வாங்க, கூட உங்க அக்கா பையனைக் கூட்டிட்டுப் போங்க" என்று முன்கூட்டியே பேசி வைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஆனால் பதிலைவிடப் பதிலைச் சுற்றியுள்ள சத்தத்தையே என் காது கவனிக்கிறது. டிரங்க் போர்டில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தால், "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே அது பிறப்பா இறப்பா என்று தெரிந்துவிடும். அப்போதெல்லாம் மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே நுழைந்து "நீட்டிக்கவா?" என்று கேட்பது எங்கள் வேலை. அழுதுகொண்டிருப்பவர்களிடம் அதைக் கேட்க வாய் வராமல் மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

டர்னர் விஷயத்துக்கு வருகிறேன். ஏழாவது புதன்கிழமை அது. இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "நல்லா இருக்கேம்மா" என்றார். சாப்பாடு? "நல்லா இருக்கேம்மா." தூக்கம்? அதற்கும் அதே பதில். அந்தப் பட்டறையில் டீ நேரத்தில்கூட யாரோ ஒருவர் கிரைண்டரில் உளி தீட்டிக்கொண்டிருப்பார். பின்னணியில் அந்தக் கீச்சொலி இல்லாமல் நான் அவரிடம் பேசியதே இல்லை. அன்று பின்னால் ஒரு மின்விசிறி மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது.

"பட்டறைச் சத்தம் கேட்கலையே தம்பி?"

"இன்னிக்கு லீவும்மா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம். எனக்கு அது பழைய வேலையிலேயே வந்துவிட்டது. மின்விசிறி சுற்றுவது கேட்டது. பிறகு, "ராத்திரி சாப்ட்டேம்மா" என்றார்.

எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் சோற்றைச் சொல்லவில்லை.

மச்சான் மகனுடைய காதுகுத்து. முந்தின வாரம் அதைப் பற்றி நான் கேட்டபோது விசேஷம் எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தார். ஒரு கட்டிங்கில் தொடங்கி இரண்டு குவார்ட்டரில் முடிந்திருக்கிறது. காலையில் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போய்விட்டாள். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்காகக் காத்திருந்தார். "அதான் போயிடுச்சேம்மா, இனிமே என்ன" என்றார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று நாம் சொல்வோமே, அந்த மனநிலைதான். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் 1980-களில் இதற்கென்றே தனிப் பெயர் வைத்து எழுதியிருக்கிறார்: விரதம் ஒருமுறை முறிந்ததும் எழும் குற்ற உணர்ச்சியும் "நான் இவ்வளவுதான்" என்ற முடிவுமே, முதல் கோப்பையைவிட அதிகமாக ஒரு மனிதனை முழுக்குடிக்குத் தள்ளுகின்றன என்பது அவர் கருத்து. எங்கள் மையத்தில் இந்த முதல் நிலையைச் சறுக்கல் என்றும், அதற்குப் பின் வருவதை வீழ்ச்சி என்றும் பிரித்துப் பேசுவார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள நேரம் சில சமயம் ஒரு வாரம், சில சமயம் 50 நிமிடம். அன்று கடிகாரத்தில் மணி 11.10.

திட்டவில்லை, "ஏன்" என்று கேட்கவும் இல்லை. நேற்று ஒரு நாள்தானா, அதற்கு முன்னும் உண்டா என்று கேட்டேன். கை நடுக்கம், வியர்வை, வாந்தி இருக்கிறதா என்று கேட்டேன். இதைக் கேட்காமல் விடக் கூடாது. நாள் கணக்கில் விடாமல் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளையொட்டி இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிந்து, புத்தி தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி இருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. மாத்திரை என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன்; டைசல்ஃபிராம் இல்லை என்று உறுதியான பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிர்கூடப் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரைகூட அதன் வேகம் இருக்கும். "அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்" என்று யாராவது யோசனை சொன்னால், அந்த யோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பிறகு அவரிடம், பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும்போது எங்கே இருக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். பட்டறை முதலாளியிடம் போய், காலையில் உடம்பு சரியில்லை, அரை நாள் வேலை பார்க்கிறேன் என்று சொல்ல முடியுமா? யோசித்தார். சட்டைப் பையில் எவ்வளவு இருக்கிறது? 300 ரூபாய். வழியில் மளிகைக் கடைப் பாக்கியில் 250 கட்டிவிட்டுப் போக முடியுமா? அதற்குக் கொஞ்சம் சிரித்தார். "போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுங்க, நானே கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டேன். மிஸ்டு கால் 12.20-க்கு வந்தது. திரும்ப அழைத்தபோது அவர் பேசக்கூட இல்லை. போனை எடுத்துக் கிரைண்டர் பக்கம் காட்டினார்.

எல்லாம் இப்படி முடியும் என்று எண்ணிவிட வேண்டாம். என் முப்பது பேரில் பலரது எண் இன்று உபயோகத்தில் இல்லை. ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவரை வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு அழைப்பது வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை பேத்தியின் பிறந்தநாளுக்காகக் குடும்பத்தோடு திருப்பதி போனேன். பட்டியலை இன்னொருவரிடம் ஒப்படைக்க மறந்துபோனேன். அடுத்த வாரம் அழைத்தபோது அவர் மனைவிதான் எடுத்தார். "போன வெள்ளிக்கிழமை ஆறு மணியிலேருந்து ஏழரை வரைக்கும் போனைக் கையில வெச்சிக்கிட்டே உக்காந்திருந்தாருங்க" என்றார். அவர் குடித்ததற்கு நான் அழைக்காததுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்த ஒன்றரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போவதென்றால் பட்டியல் இரண்டு பேர் கைக்குப் போகிறது.

மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார் என்கிறது மத்திய சமூகநீதித் துறைக்காக எய்ம்ஸ் எடுத்து 2019-இல் வெளிவந்த நாடு தழுவிய கணக்கெடுப்பு. மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். இத்தனை சல்லடைகளையும் தாண்டி ஒருவர் உள்ளே வந்து ஒரு மாதம் இருந்து வெளியே போகும்போது, அவருக்கு வாரம் 15 நிமிடம் ஒதுக்க ஆளில்லை என்றால் நான் எரிச்சலடைகிறேன். சென்னையில் இந்தத் துறைக்கு வழிகாட்டிகள் இல்லாமலில்லை; கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அமைப்பின் டி.டி.கே. மருத்துவமனை இந்திரா நகரில் நின்றுகொண்டிருக்கிறது. குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது அங்கே பழைய பழக்கம். ஆனால் புதிதாக முளைக்கும் மையங்கள் பலவற்றில், கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் கிடைக்கும் பதிலின் வேகம், வீட்டுக்கு அனுப்பிய பிறகு யார் பேசுவார்கள் என்று கேட்டால் கிடைப்பதில்லை. உங்கள் வீட்டில் யாரையாவது சேர்க்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது கேள்வியை முதலில் கேளுங்கள்.

பழைய ஆபரேட்டர் என்ற முறையில் எனக்கு ஒரு சின்னக் கர்வம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏ.ஏ. என்ற அமைப்பே ஒரு தொலைபேசி அழைப்பில்தான் பிறந்தது. 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொழிலில் தோற்று ஒரு விடுதி முகப்பில் நின்றிருந்த, பின்னர் ஏ.ஏ.-வைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், மதுக்கூடத்துக்குள் நுழையாமல் தொலைபேசியை எடுத்து, தேவாலயப் பட்டியலைப் பார்த்து, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்று கேட்டார். மறுநாள் அவர் சந்தித்த குடிநோயாளி டாக்டர் பாப்தான் மற்றவர்; அவர் அடுத்த மாதம் 10-ஆம் தேதி கடைசியாகக் குடித்தார். அந்த அழைப்பை இணைத்துக் கொடுத்த ஆபரேட்டர் யார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

டர்னருக்கு இப்போது பதினாறாவது மாதம். மாதம் ஒரு புதன்கிழமை மட்டும்தான் அழைக்கிறேன். போன வாரம் அழைத்தபோது பின்னால் இரைச்சல் காதைப் பிளந்தது. தூக்கம் எப்படி என்று நான் கேட்டு முடிப்பதற்குள், "அம்மா, ஜாப் மெஷின்ல ஏத்தியாச்சு, பாதியில நிறுத்த முடியாது, அப்புறம் பேசட்டுமா?" என்று கத்தினார். பேச்சு நேரம் 1 நிமிடம் 40 நொடி. படிவத்தில் பாதிக் கட்டங்கள் காலியாக இருந்தன. அப்படியே தேதி போட்டுக் கோப்பில் வைத்துவிட்டேன்.